மூன்று குழிகளில் கிடந்த வெள்ளை மாத்திரை: ரங்கூனிலிருந்து சென்னைக்குப் பறந்த ஒரு இதய நோயாளி

நான் வைத்தியம் பார்க்கும் ஒரு நோயாளியின் கதை இது. இந்த நிகழ்வை எழுதச் சொன்னது அவருடைய மகள்தான். "நம்ம ஆளுங்க எத்தனையோ பேர் வைத்தியத்துக்கும் கல்யாணத்துக்கும் மெட்ராஸ் போறாங்க அண்ணே, அவங்களுக்கு உதவுமே" என்றார். பெரியவரும் சம்மதித்தார். பெயரையும் ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் விட்டுவிட்டேன். மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை.

நோயாளி

2019-ல் இந்தப் பயணம் போனபோது வயது 72. ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்தவர். உளுந்து, துவரைத் தரகில் நாற்பது வருஷம் ஓடியவர். 2015-ல் இதயத்தின் முன்சுவரைத் தாக்கிய பெரிய மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள், உயிர் தப்பியது. ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி போனது போனதுதான். இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எவ்வளவை வெளியே தள்ளுகிறது என்பதை எக்கோ என்னும் இதய ஸ்கேனில் பார்ப்போம். நல்ல இதயத்தில் அது 55 சதவீதத்துக்குக் குறையாது. இவருக்கு 35. பதினாறு வருஷமாகச் சர்க்கரையும் உண்டு.

தினமும் சாப்பிட்டவை: இதயத்துக்கு பிசோப்ரோலால், ராமிப்ரில், ஸ்பைரோனோலேக்டோன், ஆஸ்பிரின், கொழுப்புக்கு ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், அப்புறம் காலையில் லாசிக்ஸ் 40 மில்லிகிராம். இந்தக் கடைசி மாத்திரையை அவர் 'நீர் மாத்திரை' என்பார். உடம்பில் தேங்கும் உப்பையும் தண்ணீரையும் சிறுநீராக வெளியேற்றுவது அதுதான்.

வீடு மூன்றாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. ரங்கூன் நகரத்துக்குள் இருக்கும் பழைய வீடுகளின் படிக்கட்டு எவ்வளவு செங்குத்து என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செய்தித்தாளைக்கூட பால்கனியிலிருந்து தொங்கும் கயிற்றில் கட்டித்தான் மேலே இழுப்பார்கள். பெரியவர் ஒரு திருப்பத்தில் மட்டும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மூன்று மாடி ஏறிவிடுவார். இதயம் நின்றுபோகாமல், ஆனால் தேவையான அளவு ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறும் நிலைக்கு இதயச் செயலிழப்பு என்று பெயர். அதை நான்கு படிகளாகப் பிரித்தால் இவர் இரண்டாம் படியில் இருந்தார். அந்த நிலையில் உள்ளவர்கள் விமானத்தில் போகலாம் என்பது பொதுவாக எல்லோரும் ஒப்புக்கொள்வது.

போக வேண்டிய காரணம் சாதாரணமானது அல்ல. 1964-ல் பர்மாவில் கடைகள் அரசுடைமையாகி, 50, 100 சாட் நோட்டுகளும் செல்லாமல் போனபோது இவருடைய அக்கா புருஷனோடு கப்பலேறி மெட்ராஸ் போனார். தம்பிக்கு அப்போது 17 வயது. இந்தப் பயணத்தின்போது அக்காவுக்கு 78 நடந்தது, வீடு சென்னை வியாசர்பாடியில். அவருடைய பேத்திக்குக் கல்யாணம். இருவரும் கடைசியாகச் சந்தித்தது 2011-ல். "இந்த வாட்டி விட்டா அப்புறம் எப்ப பார்க்கப் போறோம், டாக்டர் தம்பி?" என்று கேட்டார். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மருத்துவக் காரணம் எதுவும் இருக்கவில்லை. மனசும் வரவில்லை.

பயணத்துக்கு முன்

2019 அக்டோபர் 28 மாலை தாம்வேயிலுள்ள என் கிளினிக்குக்கு வந்தார். ரத்த அழுத்தம் 128/78, நாடி 70, விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் ரத்தத்தின் ஆக்சிஜன் 96 சதவீதம், எடை 68.4 கிலோ. கணுக்காலை அழுத்தினேன், குழி விழவில்லை. நுரையீரலில் இரைச்சல் இல்லை. ஈசிஜி பழையபடியே. விமானத்தில் பயணம் செய்யத் தகுதியானவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அன்று நான் பார்த்ததில் தவறில்லை. கேட்காமல் விட்டதில்தான் தவறு. அந்த ஒரு வாரத்தை எப்படிக் கழிக்கப் போகிறார், பயண நாளன்று எத்தனை மணிக்கு எழுந்து எந்த மாத்திரையை எப்போது போடப் போகிறார், எந்தச் சீட், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், ஒன்றுக்கு வந்தால் என்ன செய்வார் என்று எதையுமே கேட்கவில்லை. வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள் என்பது காரணம்தான், ஆனால் அது சமாதானம் ஆகாது.

அந்த வாரம் என்ன நடந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மெட்ராஸ் போகிறார் என்றதும் சொந்தமும் பந்தமும் ஆளுக்கொரு நாள் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கருவாட்டுக் குழம்பு, உப்பு போட்டுப் புளிக்கவைத்த மீன் விழுதான நாப்பி, ஊறுகாய், ஒரு வீட்டில் காலையிலேயே மொய்ங்கா என்னும் மீன் குழம்பு நூடுல்ஸ். வீட்டில் மகள் உப்பை அளந்துதான் போடுவார். வெளி வீட்டில் யார் அளப்பது? அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் சாமான் வாங்கும் அலைச்சலில் தினமும் காலையில் எடை பார்க்கும் பழக்கமும் நின்றுபோனது.

பயண நாள்

நவம்பர் 4. ரங்கூனிலிருந்து பாங்காக், அங்கே மூன்று மணி நேரம் காத்திருப்பு, பிறகு சென்னை. முதல் பறத்தல் ஒன்றேகால் மணி நேரம், இரண்டாவது மூன்றரை மணி நேரம். காலை 4 மணிக்கு எழுந்தவர் மற்ற மாத்திரைகளை எல்லாம் போட்டுக்கொண்டார். லாசிக்ஸை மட்டும் தொடவில்லை.

வெளியே தெரிவதைப் பார்க்கட்டும் என்று மகள் ஆசையாக ஜன்னல் சீட் வாங்கியிருந்தார். பாங்காக்கில் சக்கர நாற்காலி வேண்டுமா என்று கேட்டபோது பெரியவருக்குக் கோபமே வந்துவிட்டது, நடந்தே போகலாம் என்றார். அந்த விமான நிலையத்தில் ஒரு வாயிலிலிருந்து இன்னொன்றுக்குப் போவது ஒரு தெருவை இரண்டு முறை சுற்றுவதற்குச் சமம். நடுவில் மூன்று முறை நின்றார். மகள் கேட்டதற்கு, சூட்கேஸ் கனம் என்றார்.

இரண்டாவது விமானம் கிளம்பி ஒன்றரை மணி நேரம் இருக்கும். வறட்டு இருமல் தொடங்கியது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். சீட்டைச் சாய்த்தால் இருமல் கூடுகிறது, முன்னால் குனிந்தால் கொஞ்சம் தேவலை. பிறகு ஜன்னல் கண்ணாடியின் விளிம்பை விரலால் நோண்ட ஆரம்பித்தார். என்னப்பா என்று கேட்டதற்கு, "கொஞ்சம் காத்து வரட்டும், திற" என்றார். திறக்காத ஜன்னல் என்று தெரிந்த மனிதர் அப்படிச் சொன்னதும் மகள் பயந்து மேலிருந்த பொத்தானை அழுத்தினார்.

விமானப் பணியாளர்கள் அறிவிப்புச் செய்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் மருத்துவர் எழுந்து வந்தார், மயக்கவியல் படித்தவர். ஆக்சிஜன் 81, நாடி 122, ரத்த அழுத்தம் 176/100. நெற்றி வியர்த்துச் சில்லென்று இருந்தது. மார்பில் வலி இல்லை. முதுகில் காதை வைத்துத்தான் கேட்டாராம், இன்ஜின் சத்தத்தில் ஸ்டெதாஸ்கோப் பயன்படவில்லை. நேராக உட்காரவைத்து, சிலிண்டரிலிருந்து நிமிஷத்துக்கு 4 லிட்டர் ஆக்சிஜன், நாக்குக்கு அடியில் ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரோகிளிசரின். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார்.

மகள் கைப்பையிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்து நீட்டினார். ஏழு நாளைக்கும் காலை, மதியம், இரவு என்று சின்னச் சின்னக் குழி போட்ட பிளாஸ்டிக் பெட்டி. மருத்துவர் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். அன்றைய காலைக் குழியில் ஒரு சிறிய வெள்ளை மாத்திரை, நடுவில் கோடு போட்டது, தனியாகக் கிடந்தது. முந்தைய நாள் குழியிலும் ஒன்று, அதற்கு முந்தைய நாள் குழியிலும் ஒன்று.

அந்த விமானத்தின் மருந்துப் பெட்டியில் லாசிக்ஸ் ஊசி இருந்தது. எல்லா விமானத்திலும் இருக்கும் என்று நம்ப முடியாது. ஊசி போட்டு இருபது நிமிஷத்தில் பெரியவருக்கு ஒன்றுக்கு வந்தது, எழுந்து நடக்கும் நிலையில் அவர் இல்லை. பணியாளர்கள் அவரைக் கடைசி வரிசைக்கு மாற்றி, கம்பளியைத் திரை மாதிரிப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பி நின்றார்கள். ஒரு தண்ணீர் பாட்டில்தான் உதவியது. விமானி இரண்டு முறை ஆளனுப்பி, திருப்ப வேண்டுமா என்று கேட்டார். அதற்குள் ஆக்சிஜன் 91-க்கு ஏறிவிட்டதால் சென்னைக்கே போகலாம் என்று மருத்துவர் சொன்னார். சரியான முடிவு. அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது, தரையிறங்கியதும் கூட்டத்தில் கலந்துவிட்டார். இதை அவர் படிக்க நேர்ந்தால் ஒரு குடும்பம் அவரை மறக்கவில்லை என்று தெரியட்டும்.

மருத்துவமனையில்

விமான நிலையத்திலிருந்து நேராக அவசரப் பிரிவு. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் நீர் கோத்து, நடுவிலிருந்து வௌவால் சிறகு விரித்தது போல வெண்மை. ஈசிஜியில் புது மாற்றம் இல்லை. இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதம் லேசாக மட்டும் கூடியிருந்தது, மறுபடி எடுத்தபோது ஏறவில்லை. ஆகவே இது புது மாரடைப்பு அல்ல.

விமானத்தில் மூச்சு முட்டினால் நினைக்க வேண்டிய இன்னொன்று, கால் நரம்பில் உறைந்த ரத்தக்கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலை அடைப்பது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்காரும் பயணங்களில் அதன் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு, அப்படிப் பயணம் செய்யும் ஆரோக்கியமானவர்களில் 6,000 பேரில் ஒருவருக்கு இது வரலாம் என்று 2007-ல் கணக்குச் சொன்னது. இவருக்குக் கால் ஸ்கேனில் கட்டி இல்லை, எக்கோவில் வலது பக்க இதயம் வீங்கவில்லை. இதுவும் இல்லை என்று ஆனது.

எடை 71.6 கிலோ. நான் பார்த்து ஒரு வாரத்தில் 3.2 கிலோ. ஒரு வாரத்தில் யாருக்கும் இவ்வளவு சதை போடாது, அத்தனையும் தண்ணீர். நரம்பு வழியாக லாசிக்ஸ் கொடுத்து முதல் இரவில் மட்டும் 2 லிட்டருக்கு மேல் வெளியேறியது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நிச்சயதார்த்தம் தவறிப்போனது, கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மாத்திரையைப் பற்றி மகள் கேட்டபோது முதலில், அன்றைக்கு மட்டும்தான் போடவில்லை என்றார். பெட்டியைக் காட்டியதும் தலையைக் குனிந்துகொண்டார். முந்தைய இரண்டு நாளும் காளி கோயிலுக்கும் விருந்து வீடுகளுக்கும் போக வேண்டியிருந்தது, நடுவில் எங்கே போய் ஒதுங்குவது? விமானத்திலோ ஜன்னலோரம், இரண்டு பேரை எழுப்பிவிட்டுப் போக வேண்டும், அதில் ஒருவர் பெண்பிள்ளை. "ஒரு தடவைன்னா பரவாயில்லை, அரை மணிக்கு ஒருக்கா எழுப்ப முடியுமா?" என்று என்னிடம் பின்னால் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வெட்கத்தை மறைக்க மூன்று நாள் மாத்திரையை மறைத்திருக்கிறார்.

மேலே போனதும் என்ன ஆகிறது

விமானம் 36,000 அடியில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் அந்த உயரத்துக்கு உரியது அல்ல. காற்றை அழுத்தி உள்ளே விடுகிறார்கள். ஆனால் தரையில் இருக்கும் அளவுக்கு விடுவதில்லை, விட்டால் விமானத்தின் உடல் தாங்க வேண்டிய பளு கூடிவிடும். வழக்கமாக 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருக்கும் அழுத்தத்தை வைத்திருப்பார்கள். 8,000 அடிதான் விதிமுறையின் மேல்வரம்பு. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புது விமானங்களில் 6,000 அடியை ஒட்டியே இருக்கும்.

பர்மாவின் மலை நகரமான நம் தவுங்ஜி ஏறக்குறைய 4,700 அடி, ஊட்டி 7,350 அடி. கடல்மட்டத்தில் ஏறிய மனிதர் அரை மணி நேரத்துக்குள் ஊட்டிக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறார், மலைப்பாதையில் மெதுவாக ஏறிப் பழகும் அவகாசம்கூட இல்லாமல். கைப்பையில் வைத்திருந்த லப்பெ (ஊறவைத்த தேயிலை) பாக்கெட் உப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே காரணம்தான். காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 சதவீதம் என்பது மாறுவதில்லை. ஆனால் அழுத்தம் குறைவதால், 8,000 அடியில் மூச்சுவிடுவது தரையில் 15 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்றை இழுப்பதற்குச் சமம்.

நல்ல உடம்புக்கு இது பெரிய விஷயம் இல்லை. விரல் கருவியில் 97 காட்டியவருக்கு 92, 93 காட்டும். இதயம் கொஞ்சம் வேகமாக அடித்துச் சரிக்கட்டும். ரத்தம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் விதம் மேலே சமவெளி, அப்புறம் செங்குத்துச் சரிவு மாதிரி. சமவெளியில் நிற்பவர் நான்கு அடி பின்னால் நகர்ந்தாலும் விழமாட்டார். பெரியவர் பாங்காக்கில் ஏறும்போதே நுரையீரலில் நீர் கசியத் தொடங்கிச் சரிவின் விளிம்பில் நின்றிருக்க வேண்டும். மூன்று முறை நின்று நடந்ததே அதற்குச் சாட்சி.

விளிம்பிலிருந்து சறுக்கியதும் எல்லாம் ஒன்றையொன்று தள்ளும். ஆக்சிஜன் குறைந்ததால் நாடி ஏறுகிறது. வேகமாக அடிக்கும் பலவீனமான இதயத்துக்கு ரத்தத்தை நிரப்பிக்கொள்ள நேரம் போதாது, பின்னால் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் நுரையீரலில் மேலும் நீரைக் கசியவிடுகிறது. நுரையீரல் ரத்தக்குழாய்களும் ஆக்சிஜன் குறைவால் இறுகுகின்றன, வலது பக்க இதயத்துக்கும் சுமை. பயத்தில் ரத்த அழுத்தம் ஏறுகிறது, இடது பக்கம் தள்ள வேண்டிய பளு இன்னும் கூடுகிறது.

ஆக, விமானம் மட்டும் செய்த வேலை இல்லை இது. மூன்று கிலோ தண்ணீர் இல்லாமல் ஏறியிருந்தால், அதே இதயம் அதே உயரத்தைத் தாங்கியிருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன். அப்படி நம்பக் காரணம் திரும்பி வந்த பயணம்.

அதற்கு முன் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் 2013-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், சராசரியாக 604 விமானப் பயணங்களுக்கு ஒன்றில்தான் மருத்துவ அவசரம் நேர்ந்திருந்தது. அதிலும் மயக்கம்தான் அதிகம், நூற்றுக்கு 37. மூச்சுத் தொல்லை 12, இதயக் கோளாறு 8 கூட இல்லை. இதய நோயாளிகள் லட்சக்கணக்கில் பறந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

யார் தள்ளிப்போட வேண்டும்

பிரிட்டிஷ் இதயவியல் சங்கம் 2010-ல் வெளியிட்ட வழிகாட்டுதலைத்தான் நான் கையோடு வைத்திருக்கிறேன். மாரடைப்பு வந்து அடைப்பை உடனே சரிசெய்து, வயது 65-க்குக் கீழே, இதயத்தின் வலு (எக்கோவில் பார்ப்பதாக முன்பு சொன்ன சதவீதம்) 45 சதவீதத்துக்கு மேல், வேறு சிக்கல் இல்லை என்றால் மூன்று நாளிலேயே பறக்கலாம். வலு 40-க்கு மேல், செயலிழப்பின் அறிகுறி இல்லை என்றால் பத்து நாள். 40-க்குக் கீழே, அல்லது மூச்சுத்திணறல் இருக்கிறது, அல்லது இன்னும் சிகிச்சை பாக்கி என்றால் உடல்நிலை நிலைப்படும்வரை தள்ளிப்போட வேண்டும். சிக்கலில்லாத பைபாஸுக்குப் பத்து நாள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குபவர் ஆக்சிஜனும் மருத்துவத் துணையும் இல்லாமல் ஏறக்கூடாது.

விமானத்தில் ஆக்சிஜன் வேண்டுமானால் முன்கூட்டியே மருத்துவப் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும், பொதுவாக 48 முதல் 72 மணி நேரத்துக்கு முன். சொந்தச் சிலிண்டரைக் கொண்டுபோகப் பெரும்பாலும் விடமாட்டார்கள். வீட்டில் சிலிண்டர் இருக்கிறதே என்று கடைசி நாளில் நம்பி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

திரும்பி வந்தது

ஆறு வாரம் எடை ஏறாமல் இருக்கட்டும் என்று சென்னை மருத்துவர் சொன்னார், எனக்கும் அதுவே சரியென்று பட்டது. டிசம்பர் கடைசி வாரம் கிளம்புவதற்கு முந்தைய நாள் அவரை வராந்தாவில் 50 மீட்டர் நடக்கவைத்தார்கள். மூச்சு வாங்கவில்லை, ஆக்சிஜன் 96-லிருந்து 94-க்கு மட்டும் இறங்கியது. எடை 67.9.

இந்த முறை மகளும் நானும் போனில் அந்த நாளை மணிக்கணக்காகப் பிரித்தோம். பகல் 11 மணி விமானம். லாசிக்ஸ் போட்ட ஒரு மணிக்குள் வேலையைத் தொடங்கும், முதல் இரண்டு மணி நேரம்தான் வேகம், ஆறு மணிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அதனால் விடியற்காலை 4 மணிக்கே மாத்திரை. ஏறும் முன்பே பெரும்பகுதி போய்விடும், மிச்சத்துக்குக் கழிப்பறைக்குப் பக்கத்தில் நடைபாதையோரச் சீட். மாத்திரை முழுவதும் கைப்பையில், சூட்கேஸில் ஒன்றுகூட இல்லை. முந்தைய நான்கு நாள் வியாசர்பாடியில் பர்மா நூடுல்ஸ் விற்கும் அத்தோ கடைகள் எத்தனை கூப்பிட்டாலும் வீட்டுச் சாப்பாடுதான். அக்காவே உப்பைக் கையில் அளந்து போட்டாராம். சக்கர நாற்காலி விஷயத்தில் மட்டும் பெரியவர் கடைசிவரை முரண்டு பிடித்தார். "நீ நடந்தா நானும் கூட நடந்து வருவேன்" என்று அக்கா தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து நின்ற பிறகு உட்கார்ந்தார்.

மகள் விரல் கருவியில் பார்த்து ஒரு பழைய டைரியில் எழுதிவைத்தது என்னிடம் இருக்கிறது. சென்னையில் ஏறும்போது 96. பறந்து ஒரு மணி நேரத்தில் 91. இரண்டரை மணி நேரத்தில் 90, நாடி 84. பாங்காக்கில் இறங்கியதும் 95. அடுத்த விமானத்தில் 92. ரங்கூன் விமான நிலையமான மிங்களாடானில் 96. ஓரத்தில், ஒன்றுக்குப் போனது இரண்டு தடவை என்று குறித்து அடிக்கோடு போட்டிருக்கிறார்.

அந்த 90 எனக்கு நல்ல செய்தியாகவும் எச்சரிக்கையாகவும் பட்டது. உலர்ந்த நுரையீரலோடு, உட்கார்ந்த நிலையில், பத்தியச் சாப்பாட்டோடு போயும் 90. இதற்குக் கீழே இவருக்கு இடம் அதிகமில்லை. அடுத்த பயணத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டியிருந்தால் ஆக்சிஜனுக்கு முன்கூட்டியே படிவம் போடுவது என்று அவருடைய அட்டையில் எழுதிவைத்திருக்கிறேன்.

இப்போது பயணச் சான்று கேட்டு வரும் பெரியவர்களை, கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாக உட்காரவைத்துக் கேட்கிறேன்: அன்றைக்கு நீர் மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுவீர்கள்? முதலில் எல்லோரும் காலையில்தான் என்பார்கள். கொஞ்சம் பொறுத்தால், போய் இறங்கிப் போட்டுக்கலாம்னு இருந்தேன் என்று மெதுவாக வரும்.